காரியாலயத்தில் கடிதப் போக்குவரத்து

மக்கள் நேரிற் கூடிப் பேசும்போது சொல்லேயன்றி முகக்குறிப்பும் குரலும் அவர்தம் கருத்தை விளக்கத் துணைசெய்கின்றன. தொலைவிலிருப்போர்க்கு அத்துணை இல்லை. அவர்கள் தம் குறையையும் வேண்டுகோளையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, முன்பின் அறியாத ஒருவர் கையில் ஒப்புவித்து விட்டுக் காத்திருக்கின்றனர். அத்தாள் ஒரு காரியாலயத்தை அடைந்தபின் அதற்கு நேர்வது யாது, அங்கிருந்து விடை புறப்படும் வகை யாது என்பவற்றை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. விடை வாராதபோது அதிகாரியை நொந்துகொள்கின்றோம். பல வேளைகளில் அக்கடிதம் அதிகாரியின் கண்ணிற் பட்டதே இராது; வாயிலுக்கும் மேசைக்கும் இடையே எங்கேனும் தங்கிப்போயிருக்கும்.

காரியாலயத்திற்கு வரும் கடிதங்களையும் அங்கிருந்து செல்லும் கடிதங்களையும் கையாளும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். கல்லூரியை விட்டு நீங்கும் மாணவருட் பலர் பள்ளிக்கூடம், வங்கி, வணிக நிலையம், ஆசுபத்திரி, அரசாங்க அலுவலகம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் அமர்வர். புதிதாக வந்தவரிடம் முதலில் ஒப்புவிக்கப்படுவது தபால் வேலையாக இருத்தல் கூடும். ‘இத்துணை படித்தது இதற்குத்தானா?’ என்று அவர் மனம் சலித்துக்கொள்ளவும் கூடும். அச்சலிப்புக்கு இடமில்லை என்பதைக் காட்டுதலே எம் நோக்கம். தபால் மேசையில் அமர்ந்திருப்பவர் காரியாலயத்தின் வாயில் காப்போர். பிறருடைய காலமும் உரிமையும் அவர் கையில் அடைக்கலமாக வந்து சேர்கின்றன.

பண்டை முறை

கடிதங்களை ஒழுங்குபடுத்திக் காத்தல் நேற்று முளைத்த வழக்கமன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக் கோட்டையிலிருந்து வாணிகமும் ஆட்சியும் நடத்திய காலத்தில், இலண்டனிலிருந்த தலைமைக் காரியாலயத்திற்கும் கோட்டைக்கும் இடையே கடிதங்களே பாலமாயிருந்தன. பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருவதற்குப் பல திங்கள் செல்லும். ஒரு வினாவுக்கு விடை கிடைக்க ஓராண்டிற்கு மேலாவதும் உண்டு. கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். ஆகலின் முக்கியமான கடிதங்களைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். கடிதத்தின் பத்திகளுக்கு எண்ணிட்டனர். விடையெழுதுவோர் எப்பத்திக்கு விடை தருகின்றனர் என்பதைக் குறித்து எழுதினர். சென்றவையும் வந்தவையும் ஏடுகளில் ஏற்றப்பெற்றன. அவ்வேடுகள் பல சென்னை எழும்பூரில் 1909 ஆம் ஆண்டில் அமைந்த ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அன்று ஏதோ கடமைக்குப் படியெடுத்த குமாஸ்தா, தாம் அறியாமலே நம் நாட்டு வரலாற்றுக்குச் சான்று சேர்த்து வைத்தார்.

இவ்வேலை அறிவாளிகளுக்கு ஏலாதது என்று கருதுவோரும் ஒன்றை நினைத்தல் வேண்டும். நம் மாணவர் தத்துவப் பாடத்திற் படிக்கும் ஜான் ஸ்டூவர்ட் மில் என்பார் 1823 முதல் 1858 வரை அக்கம்பெனியின் இலண்டன் காரியாலயத்தில் ஊழியம் செய்தவர். இந்தியாவுக்குச் செல்லும் கடிதங்களுக்கு வரைவு எழுதுதலே அவர்தம் அன்றாடத் தொழில்.

1854 ஆம் ஆண்டில், தூரத்தைக் கருதாது எடையை மட்டும் கருதித் தபாற்கூலி விதிக்கும் முறை இந்தியாவில் ஏற்பட்டது. எளியவரும் தொலைவிலுள்ள அதிகாரிக்கு எழுதுதற்கு வழி பிறந்தது. காரியாலயங்களுக்கு வரும் தாள்கள் பெருகப் பெருக, அவற்றைக் காக்கும் விதிகளும் பெருகின. சென்னை மாகாணத்து மாவட்டக் காரியாலயங்களில் ஆங்கில அதிகாரி ஒருவர் பெயரால் டாட்டன்ஹாம் முறை என்று வழங்கும் ஒழுங்கு நிலைபெற்றது. தமிழ்நாட்டு அரசாங்க அலுவலகங்களிற் காணும் பகிர்மானப் பதிவேடும், தன்பதிவேடும், கடிதத் தலையிற் பொறிக்கும் ‘ந.க. எண்’ணும் அம்மரபின் வழி வந்தனவே.

வரும் கடிதங்கள்

வரும் கடிதத்தைப் பொறுத்த முதல் விதி, அஃது ஒரே வாயில் வழியாக வருதல் வேண்டும் என்பது. தபாற்காரர் கொணர்வதாயினும், ஆள்வசம் நேரிற் கொடுத்தனுப்புவதாயினும், அதிகாரி வெளியூர் சென்றபோது அவர் கையிற் கொடுக்கப்பட்டதாயினும், எல்லாம் தபால் மேசைக்கு வந்து சேரல் வேண்டும். ஒருவர் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட மனு, காரியாலயத்தைப் பொறுத்தவரையில் வாராத மனுவேயாகும்.

வந்தவற்றைத் திறப்பதற்கு முன்னர்ப் பிரித்தல் வேண்டும். ‘இரகசியம்’ எனக் குறித்தவற்றையும், ஒருவர்க்குச் சொந்த முறையில் வந்தவற்றையும் திறவாமலே உரியவரிடம் சேர்ப்பித்தல் முறை. விலைக்கேள்விக்கு விடையாக முத்திரையிட்டு வரும் டெண்டர் உறைகளைக் குறித்த நாளில் குறித்த மணிக்கு முன்னர்த் திறத்தல் கூடாது. வந்த தேதியையும் மணியையும் மட்டும் உறையின்மேல் எழுதிப் பூட்டி வைத்தல் வேண்டும். கையெழுத்திட்டுப் பெற வேண்டிய தபாலாயின், உறை கிழிந்துள்ளதா, ஒட்டுக் கலைந்துள்ளதா என்று பார்த்த பின்னரே கையெழுத்திடுக.

உறையைத் திறப்பதிலும் ஒரு கைப்பழக்கம் உண்டு. உறையின் ஒருபுறத்தை மேசைமீது மெல்லத் தட்டினால் உள்ளிருக்கும் தாள் கீழ்ப்புறம் இறங்கும். பின்னர் மேல்விளிம்பைக் கத்தியாற் சீவினால் தாளுக்கு ஊறு நேராது. தாளை எடுத்தபின் உறையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தல் நன்று. சிறியதொரு காசோலை உள்ளே ஒட்டிக்கொண்டிருந்து குப்பைக் கூடைக்குப் போதல் அரிதன்று. கடிதத்தின் அடியில் இணைப்புகள் மூன்று என்றிருந்தால் மூன்றும் உள்ளனவா என எண்ணுக; குறைந்தால் ‘இணைப்பு ஒன்று காணப்படவில்லை’ என அப்பொழுதே கடிதத்தின்மேல் எழுதிக் கையெழுத்திடுக. நான்கு நாள் கழித்துச் சொன்னால் அதனை நம்புவார் யார்? காசோலையோ வரைவோலையோ வந்திருப்பின் இருவர் முன்னிலையில் திறந்து அதற்கெனவுள்ள ஏட்டிற் பதிதல் வேண்டும். இது குமாஸ்தாவை ஐயுறுவதற்காக ஏற்பட்டதன்று. ஐயத்திலிருந்து அவரைக் காப்பதற்காக ஏற்பட்டது.

உறையை எப்பொழுது வைத்துக்கொள்வது? கடிதத்தில் முகவரி இல்லாதபோதும், தேதி இல்லாதபோதும், கடிதத் தேதிக்கும் தபால் முத்திரைத் தேதிக்கும் நெடிய இடைவெளி காணும்போதும், கெடு நாளைப் பொறுத்த மேல்முறையீடு, நியாயத்தலத்துக் கட்டளை முதலியவற்றிலும் உறையைக் கடிதத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும். அவ்வுறையின்மேல் உள்ள முத்திரையே பின்னர்ச் சாட்சி சொல்லும். பிறர்க்கு உரிய உறையைத் தவறித் திறக்க நேர்ந்தால் மறைத்தல் ஆகாது. ‘தவறித் திறக்கப்பெற்றது’ என எழுதி, ஒட்டி, அன்றே அனுப்புக.

தேதி முத்திரையின் வலிமை

திறந்த கடிதத்தின்மேல் முதலிற் பதிவது அன்றைய தேதி முத்திரை. பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இம்முத்திரையினின்றே எத்தனையோ உரிமைகள் பிறக்கின்றன. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒருவர் அனுப்பும் விண்ணப்பத்திற்கு அது பெறப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் விடையளித்தல் வேண்டும். ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பற்றியதாயின் 48 மணி நேரத்திற்குள் அளித்தல் வேண்டும். பொருள் வேறொரு காரியாலயத்திற்கு உரியதாயின் ஐந்து நாளுக்குள் அங்கு மாற்றியனுப்புதல் வேண்டும். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலர்க்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

இந்த நாட்களையெல்லாம் எண்ணத் தொடங்குவது எங்கிருந்து? தபால் குமாஸ்தா பதித்த தேதியிலிருந்தே. நேற்று வந்த கடிதத்திற்கு இன்றைய தேதியைப் பதித்தால் எழுதியவருடைய ஒரு நாளை நாம் கவர்ந்து கொண்டோம் என்பது பொருள். திங்கட்கிழமை வந்த கட்டை வியாழக்கிழமை திறந்து வியாழக்கிழமைத் தேதி பதித்தலோ சோம்பல் மட்டுமன்று, பொய்ச்சான்றுமாகும். கல்வி உதவித்தொகை கோரும் மாணவர், கணவரையிழந்து ஓய்வூதியம் வேண்டும் மூதாட்டி, பட்டாவில் பெயர் மாற்றம் கோரும் குடியானவர் ஆகியோருக்கு அக்காரியாலயத்தில் பேசுவார் ஒருவரும் இலர். அவர்க்காகப் பேசுவது அத்தேதி முத்திரை ஒன்றே.

பதிவும் பகிர்வும்

தேதியிட்ட கடிதம் வரவுப் பதிவேட்டில் ஏறல் வேண்டும். தொடர் எண், வந்த தேதி, எழுதியவர் பெயரும் ஊரும், அவர் கடிதத்தின் எண்ணும் தேதியும், பொருள், எப்பிரிவுக்கு அனுப்பப்பட்டது, பெற்றவர் கையொப்பம் என்னும் கலங்கள் அதில் இருக்கும். இவற்றுள் பொருள் என்னும் கலத்தை நிரப்புதலில் மிகுந்த கவனம் வேண்டும். ‘மனு’ என்று மட்டும் எழுதுதல் எழுதாமைக்குச் சமம். ஓராண்டில் வரும் மனுக்கள் பல்லாயிரம். ‘மாற்றுச் சான்றிதழின் இரண்டாம் படி கோருதல்’ என்று எழுதினால் ஐந்தாண்டு கழித்துத் தேடுபவரும் கண்டெடுப்பர்.

பின்னர்க் கடிதங்கள் அதிகாரியின் பார்வைக்குச் சென்று பிரிவுகளுக்குப் பகிரப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவு எழுத்தரும் தமக்கு வந்தவற்றைத் தம்முடைய தன்பதிவேட்டில் ஏற்றிக்கொள்கின்றார். டாட்டன்ஹாம் முறையின் உயிர்நிலை இதுவே. இன்ன தாள் இன்னவரிடம் இன்ன நாளிலிருந்து உள்ளது, அதன்மேல் இன்னது செய்யப்பட்டது என்பது ஒரே பார்வையிற் புலனாகும். மேலதிகாரி குறித்த கால இடைவெளிகளில் அவ்வேட்டைப் பார்வையிடுவார். விடை கொடாத தாள்கள் தாமே எழுந்து நின்று முறையிடுவது போல அதில் வெறுங்கலங்களாகத் தோன்றும். அக்கடிதம் காணோம் என்பதற்கும், யாரிடம் போயிற்றோ தெரியாது என்பதற்கும் அங்கே இடமில்லை.

உரலுக்கு ஒருபக்கம் இடி, மத்தளத்திற்கு இருபக்கமும் இடி என்பர். தபால் குமாஸ்தாவின் நிலையும் அத்தகையதே. வெளியார் ‘எம் கடிதம் எங்கே?’ என்பர், உள்ளே பிரிவார் ‘எமக்கு வரவே இல்லை’ என்பர். இவ்விரண்டு இடிக்கும் நடுவே அவரைக் காப்பது பெற்றவர் கையொப்பமுள்ள அப்பதிவேடே. ஆகவே எத்துணை அவசரமாயினும் கையொப்பமின்றிக் கடிதத்தைக் கொடுத்தல் கூடாது.

உறையின் தோற்றமும் உள்ளிருக்கும் பொருளும்

வருங் கடிதங்களைக் கையாள்வோர் தோற்றத்தைக் கண்டு மதிப்பிடுதல் கூடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சீரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1913 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாயிருந்த சீனிவாச இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டம் பெறாதவர், பெயர் கேட்டறியாதவர், கடிதத்துடன் இருந்தவை சான்று காட்டப்படாத கணித முடிபுகள். முன்னர் அவர் எழுதிய வேறு கணித அறிஞர் கைகொடுத்திலர். ஹார்டியும் முதலில் ஐயுற்றார். ஆயினும் அதனை ஒதுக்கிவிடாது, நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து நுணுகி ஆராய்ந்தார். பெப்ருவரி 8 ஆம் தேதி விடை எழுதினார். 1914 இல் இராமானுஜன் கடல் கடந்து சென்றார். 1918 இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அக்கடிதமும் விடையின்றிப் போயிருப்பின் உலகம் இழந்திருப்பது எத்துணை! ஒவ்வோர் உறையிலும் ஓர் இராமானுஜன் இரான். ஆனால் எவ்வுறையில் இருப்பான் என்பதைத் திறவாமல் அறிவார் எவரும் இலர்.

உள்ளிருப்பது இன்னதென்று தெரியாதபோது, காலம் தாழ்க்கலாகாது என்பதையேனும் உறை அறிவித்தல் வேண்டும். 1941 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் தேதி காலையில், போர் மூளக்கூடும் என்னும் எச்சரிக்கையை அமெரிக்கத் தளபதி மார்ஷல் ஹவாய்த் தீவிலிருந்த படைத்தலைவருக்கு அனுப்பினார். படையின் வானொலித் தொடர்பு அவ்வேளையில் இயங்காமையால், செய்தி வணிகத் தந்தி வழியே சென்றது. ஹோனலூலு தந்திக் காரியாலயத்தை அஃது அடைந்தபோது காலை 7.33 மணி. உறையின்மேல் அவசரக் குறிப்பு யாதும் இல்லை. ஏனைத் தந்திகளோடு ஒன்றாக அஃது ஓர் ஏவலாளிடம் ஒப்புவிக்கப்பட்டது. 7.55 மணிக்குப் பேர்ல் துறைமுகத்தின்மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழியத் தொடங்கின. தந்தி படைத்தலைமையகத்தைச் சேர்ந்தது நண்பகல் நெருங்குகையில். தாக்குதல் முடிந்து விட்டிருந்தது. அவசரக் குறிப்பு ஒன்றினால் மட்டும் பேரழிவு விலகியிருக்கும் என்று கூற முடியாது. இடையில் இருந்தவை 22 நிமிடங்களே. எனினும் உள்ளே இருப்பதன் விரைவை உறை கூறாதாயின், கொண்டு செல்பவர் அதனை அறியுமாறில்லை என்பது தெளிவு. ‘அவசரம்’ என்னும் சொல்லை உரிய இடத்தில் எழுதுக. எல்லாவற்றின்மேலும் எழுதினால் எதுவும் அவசரமாகாது.

செல்லும் கடிதங்கள்

இனிக் காரியாலயத்தினின்று புறப்படும் கடிதங்களைப் பற்றிக் கூறுவோம். வரைவு எழுதுதல், அதிகாரி அதனை ஒப்புதல், தூய நகல் எடுத்தல், நகலை வரைவுடன் ஒப்புநோக்குதல், கையொப்பம் பெறுதல், எண்ணும் தேதியும் இடுதல், இணைப்புகளைச் சேர்த்தல், உறையிடுதல், எடையிட்டுத் தபால் தலை ஒட்டுதல், பதிதல், அனுப்புதல் என இதற்குப் படிகள் பல. இவற்றுள் ஒன்றில் வழுவினாலும் முன்செய்த வேலை முழுதும் பாழாகும். கையொப்பமில்லாத கடிதமும், இணைப்பில்லாத கடிதமும், ஒருவர்க்குரிய தாளை மற்றொருவர் உறையிலிட்ட கடிதமும் நாம் காணாதன அல்ல.

கையொப்பமிட்டவுடன் கடிதம் சென்றுவிட்டது என எண்ணுதல் பெரும்பாலோர்க்கு இயல்பு. அஃது உண்மையன்று. கையொப்பமிட்ட கடிதம் மேசையில் நான்கு நாள் தங்குமாயின் அதிலுள்ள தேதி ஒன்று, புறப்பட்ட தேதி வேறொன்று. சட்டம் பின்னதையே நோக்குகின்றது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு கூறுவது யாதெனில், ஒருவர் கூறிய ஏற்பாட்டுக்கு மற்றவர் இசைந்து எழுதிய கடிதம், எழுதியவரின் கைக்கு எட்டாதபடி தபாலிற் சேர்ந்த கணத்திலேயே ஏற்பாடு கூறியவரைக் கட்டுப்படுத்தும் என்பது. பேழையிற் கிடக்கும் கடிதம் எவரையும் கட்டுப்படுத்தாது. 1897 ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 27 ஆம் பிரிவோ, சரியான முகவரி எழுதி, கூலி செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம், மாறாக மெய்ப்பிக்கப்படாவிடின், தபால் வழக்கமாகச் சேரும் காலத்திற் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கின்றது. முகவரியும், கூலியும், அனுப்பியமையும் ஆகிய மூன்றையும் காட்டவல்லது தபால் மேசையின் ஏடேயன்றி வேறில்லை. 2025 ஆம் ஆண்டில் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டதேனும், அனுப்பியதற்கான இரசீதையும் ஒப்புகையையும் பேணும் கடமை குறையவில்லை.

முகவரிப் பிழையின் விலை

முகவரி பிழைத்தலால் விளைந்த வழக்கு ஒன்று சட்டம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்தது. 1817 ஆம் ஆண்டு செப்டம்பர் 2 ஆம் தேதி இங்கிலாந்திலிருந்த லிண்ட்செல் என்னும் கம்பளிமயிர் வணிகர், உவூஸ்டர் வட்டாரத்துப் பிராம்ஸ்குரோவ் என்னும் ஊரிலிருந்த ஆடம்ஸ் என்பாருக்கு இன்ன விலைக்குக் கம்பளிமயிர் தருவதாகவும், தபால் வழியே விடை வேண்டுமெனவும் எழுதினார். உறையின்மேல் லெஸ்டர் வட்டாரம் என்று தவறாக எழுதப்பட்டது. கடிதம் சுற்றியலைந்து 5 ஆம் தேதி மாலை சேர்ந்தது. ஆடம்ஸ் அன்று மாலையே இசைந்து எழுதினார். விடையை 7 ஆம் தேதி எதிர்பார்த்த லிண்ட்செல், அது வாராமையால் 8 ஆம் தேதி சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். விடை 9 ஆம் தேதி வந்தது. 1818 இல் நியாயத்தலம், ஆடம்ஸ் விடையைத் தபாலில் இட்டபோதே ஒப்பந்தம் முடிந்தது. தாமதத்திற்குக் காரணம் லிண்ட்செல்லின் பிழையே எனத் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லைத் தவறாக எழுதியதன் விலை நட்டஈடாயிற்று.

நம் நாட்டில் இப்பிழைக்கு இடம் இன்னும் மிகுதி. புதூர் என்றும் புதுப்பட்டி என்றும் பெயர் பூண்ட ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனை என்பதை எண்ணிப் பாருங்கள். இதனை நீக்கவே 1972 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் தேதி ஆறு இலக்கம் கொண்ட அஞ்சல் குறியீட்டு எண் புகுத்தப்பட்டது. முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தையும், இரண்டாவது உள்மண்டலத்தையும், மூன்றாவது கடிதம் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்றும் கடிதத்தைச் சேர்ப்பிக்கும் தபால் நிலையத்தையும் குறிக்கும். தமிழ்நாட்டு எண்கள் 6 என்னும் இலக்கத்தில் தொடங்கும். 600 சென்னையையும், 625 மதுரையையும், 627 திருநெல்வேலியையும் காட்டும். மதுரைக்குரிய எண்ணில் 5 என்பதை 7 ஆக எழுதினால், ஊர்ப்பெயர் சரியாயிருந்தும் கடிதம் திருநெல்வேலி வரை சென்று திரும்புதல் கூடும். எண்ணை நினைவிலிருந்து எழுதாது, வந்த கடிதத்தைப் பார்த்து எழுதுதலே தக்கது.

செலவுப் பதிவேடும் தபால் தலைக் கணக்கும்

புறப்படும் ஒவ்வொரு கடிதமும் அனுப்புகைப் பதிவேட்டில் தேதி, எண், பெறுநர், ஊர், பொருள், ஒட்டிய தலையின் மதிப்பு என்னும் முறையிற் பதியப்படும். உள்ளூரில் ஆள்வசம் அனுப்புவனவற்றுக்குத் தனிப் புத்தகம் உண்டு. பெறுபவர் அதிற் கையொப்பமிடுவார். தபால் தலைக் கணக்கைத் தனியே எழுதி, முன்னிருப்பு, வாங்கியது, செலவானது, கையிருப்பு ஆகியவற்றை நாள்தோறும் சரிபார்த்தல் வேண்டும். தலைகள் சிறியன, எளிதில் விலைபோவன. ஆகலின் பணம் போன்றே பூட்டி வைக்கத் தக்கன. ஒரே ஊருக்கு ஒரே அலுவலகத்திற்குச் செல்லும் பல கடிதங்களை ஓருறையில் இடுதல் சிக்கனம். தபால் கட்டு எடுக்கும் நேரத்தை மேசைமுன் எழுதி வைத்து, அதற்கு ஒரு மணி முன்னரே வேலையை முடித்தல் அறிவுடைமை. அனுப்பிய கடிதத்தின் அலுவலகப் படியில் ‘அனுப்பப்பட்டது’ என்னும் முத்திரையும் தேதியும் பொறித்துக் கோப்பிற் சேர்த்தபின்னரே அதன் வேலை முடிந்ததாகும்.

தபால் மேசையின் ஆபத்து

இவ்வேலையில் உயிருக்கு ஊறு உண்டென்று எவரும் எண்ணார். ஆயினும் 2001 ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் அமெரிக்காவில் அடைப்பான் நோயின் கிருமித்தூளை உறைகளில் இட்டுச் சிலருக்கு அனுப்பினர். ஐவர் மாண்டனர், பதினெழுவர் நோயுற்றனர். மாண்டோருள் இருவர் வாஷிங்டனில் கடிதம் பிரிக்கும் நிலையத்து ஊழியர். உறையில் அவர் பெயர் இல்லை. அவர் அதனைத் திறக்கவும் இல்லை. கடமை காரணமாக அது தம் வழியே செல்ல நின்றனர், அவ்வளவே. ஆகவே தூள் சிந்தும் உறை, எண்ணெய்க் கறை படிந்த பொதி, அனுப்புநர் பெயரின்றி வழக்கத்துக்கு மாறான கனமுடைய பொதி ஆகியவற்றைக் கண்டால் குலுக்குதலும் முகர்தலும் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, அறையை மூடி, கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவி, அதிகாரிக்கும் போலீசாருக்கும் அறிவித்தல் வேண்டும்.

மின்னஞ்சற் காலம்

இந்தியாவில் தந்தி 2013 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓய்வு பெற்றது. மின்னஞ்சல் பெருகிவிட்டது. ‘இனிப் பதிவேடு எதற்கு? கணிப்பொறி எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்குமே’ என்பர் சிலர். கணிப்பொறி கடிதத்தை நினைவில் வைத்திருக்கும். அதற்கு விடையளிக்க வேண்டியவர் யார் என்பதை அஃது அறியாது. பலர் திறக்கும் பொது அஞ்சற்பெட்டியில் வந்த மடலை ஒருவர் படித்துவிட்டு மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பர். மற்றவரும் அங்ஙனமே இருப்பர். படிக்கப்பட்ட மடல் விடையளிக்கப்பட்ட மடலாகத் தோன்றி மறைந்தொழியும். ஆதலின் நாள்தோறும் அப்பெட்டியைப் பார்த்து, எண்ணிட்டு, இன்னார்க்கு எனப் பகிரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்புவித்தல் வேண்டும். வேண்டாத மடல்கள் எனக் கணிப்பொறி ஒதுக்கியவற்றையும் அவர் ஒருமுறை நோக்குதல் நன்று. உண்மையான விண்ணப்பம் அங்கே கிடப்பதும் உண்டு.

சட்டமும் பழைய வினாவையே புதிய உருவில் எழுப்புகின்றது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாதபோது, மின்மடல் அனுப்புபவரின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட கணிப்பொறியிற் புகும்போது அனுப்பப்பட்டதாகும் என்றும், பெறுபவர் தமக்கெனக் குறித்த கணிப்பொறியில் அது புகும்போது பெறப்பட்டதாகும் என்றும் வகுக்கின்றது. நாம் திறந்து பார்த்த நேரமன்று, வந்து புகுந்த நேரமே கணக்கு. ‘நான் பார்க்கவில்லை’ என்பது இங்கும் விடையாகாது.

மற்றொரு தீங்கும் உண்டு. மேலதிகாரியின் பெயரைப் பூண்டு ‘இத்தொகையை இன்ன கணக்கில் உடனே செலுத்துக’ என்று வஞ்சகர் எழுதுவர். பழைய குமாஸ்தா கையொப்பத்தை ஒப்புநோக்கியது போல, இன்றையவர் அனுப்புநரின் முகவரியை எழுத்தெழுத்தாக நோக்குதல் வேண்டும். பணம் பற்றிய கட்டளையாயின், மடலுக்கு விடை எழுதிக் கேளாது, தாம் முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் நேரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் தபால் வேலை வெறும் எண்ணிடும் வேலையன்று என்பது விளங்கும். கடிதம் காரியாலயத்திற்குச் சொந்தமான பொருளன்று. எழுதியவர் நம்மை நம்பி வைத்த அடைக்கலப் பொருள். அதனைப் பெற்ற நாளை மெய்யாகக் குறித்தலும், உரியவரிடம் தாழாது சேர்த்தலும், விடை பிறக்கும்வரை மறவாதிருத்தலும், விடையைச் சரியான முகவரிக்கு அனுப்புதலும் ஆகிய நான்கும் அவ்வடைக்கலத்தைக் காக்கும் வழிகள். இவற்றுக்குப் பேரறிவு வேண்டுவதில்லை. நாள்தோறும் தவறாத கவனமே வேண்டும். பேரறிவினும் அஃது அரிது.

மாணவ அன்பர்காள், நீவிர் நாளை உயர்ந்த பதவிகளில் அமர்வீர். உம் மேசைக்கு வரும் தாள்கள் ஒழுங்காக வருமாயின், உமக்கு முன்னே பெயரறியாத ஒருவர் அவற்றைத் திறந்து, எண்ணி, தேதியிட்டு, பதிந்து வைத்துள்ளார் என்பதை நினைமின். அப்பதவியை அடையுமுன் நீவிரே அம்மேசையில் அமர நேரிடின், அதனைச் சிறுமை என்று கருதற்க. கடிதம் எழுதியவர் தம் ஊரில் தபாற்காரர் வரும் நேரத்தை நோக்கி நிற்கின்றார். அவர் காத்திருக்கும் நாட்கள் குறைவதும் நீள்வதும் உம் கையில் உள்ளன.